டீச்சரிடம் கேளுங்க: நகரத்தில் நிற்கும் பசுமை வேட்பாளர்

போன இதழில், 2024 ஜூன் மாதம் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மகள் வீட்டில் இருந்தபோது பார்த்த தேர்தலைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். பசுமைக் கட்சி வேட்பாளர் ஒருவர் அங்கே பெரிய கட்சியைத் தோற்கடித்தார் என்பதுதான் அந்த நாலு வரி. அதற்குக் கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி என்று எல்லாப் பக்கமிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. இட்லி மாவு, பிள்ளைகள் படிப்பு, பென்ஷன் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை முழுக்க இந்த ஒரு விஷயம்தான்.

*

“டீச்சர், வணக்கமுங்க. எங்க கம்பெனிக்கு ஆர்டர் தர்ற பையர்களில் பாதிப்பேர் இங்கிலாந்துக்காரங்க. சுற்றுச்சூழல், தண்ணீர்ச் சிக்கனம்னு எழுதாத மெயிலே இல்லை. அந்த ஊர்ச் சனங்க ஓட்டுப் போடும்போதும் அதைப் பார்க்கறாங்களா? ஒரு பசுமைக் கட்சி, அதுவும் பெரிய நகரத்தில், எப்படி ஜெயிச்சுது?”
— ஏற்றுமதி நிறுவன மெர்ச்சண்டைசர், திருப்பூர்

அம்மணி, முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

பசுமைக் கட்சி ஜெயித்த தொகுதியின் பெயர் பிரிஸ்டல் சென்ட்ரல். அது 2024 தேர்தலுக்காகத் தொகுதிகளைத் திருத்தியபோது வந்த பெயர். அதில் பெரும்பகுதி முன்பு பிரிஸ்டல் வெஸ்ட் தொகுதியில் இருந்தது. அங்கே பசுமைக் கட்சி 2010இல் வாங்கியது 4 சதவீதத்துக்கும் குறைவு. 2015இல் 26.8 சதவீதம் வாங்கி இரண்டாம் இடத்துக்கு வந்தது. 2017இல் 12.9 சதவீதமாகச் சரிந்து மூன்றாம் இடம். 2019இல் 24.9 சதவீதம், மறுபடி இரண்டாம் இடம். 2024 ஜூலை 4ஆம் தேதி நடந்த தேர்தலில் பசுமைக் கட்சி வேட்பாளர் கார்லா டெனியர் 24,539 ஓட்டு வாங்கினார். அது 56.6 சதவீதம். வித்தியாசம் 10,407 ஓட்டு.

தோற்றவர் பெயர் தங்கம் டெபனேர். ஆமாம், நம்ம தங்கம்தான். அப்பா வழியில் இந்திய, இலங்கைத் தமிழ் உறவு உள்ளவர். 2015 முதல் லேபர் கட்சியின் எம்.பி.; கட்சி ஆட்சிக்கு வந்தால் கலாச்சாரத் துறை அமைச்சராவார் என்று எதிர்பார்க்கப்பட்டவர். நாடு முழுக்க லேபர் அலை அடித்து 400 இடங்களுக்கு மேல் பிடித்த அதே இரவில் அவர் தோற்றார். காசா போரில் லேபர் எடுத்த நிலை அந்த நகரத்தில் பலருக்குப் பிடிக்கவில்லை. அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொன்னால், வருடக்கணக்காக வீடு வீடாகப் படியேறி இறங்கியவர்களின் உழைப்பை மறைத்ததாகிவிடும்.

டெனியர் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர், காற்றாலைத் துறையில் வேலை பார்த்தவர். 2015இல் மாநகர கவுன்சிலரானார். 2018 நவம்பரில் பிரிஸ்டல் மாநகராட்சியில் காலநிலை அவசரநிலை அறிவிக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். அந்த நாட்டில் அப்படி அறிவித்த முதல் மாநகராட்சி அது. 2021 மாநகராட்சித் தேர்தலில் பசுமைக் கட்சிக்கு 70 இடங்களில் 24 கிடைத்தது. 2024 மே மாதம் 34. ஜூலையில் எம்.பி. சீட். வார்டு வார்டாகப் பிடித்துத்தான் தொகுதியைப் பிடித்தார்கள்.

இனி நான் கண்ணால் பார்த்தது. மகள் குடியிருந்தது மான்ட்பெலியர் என்ற பகுதியில், ஏற்றமான ஒரு தெருவில், பழைய வீட்டின் கீழ்த்தளம். வாடகையோ கழுத்தை நெரிக்கும். படுக்கையறைச் சுவர் முழுக்க ஈரம் ஊறிக் கறுத்துக் கிடந்தது. பேத்திக்கு இருமல் விடவே இல்லை. ஜூன் மாதம் அங்கே ராத்திரி ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். அப்படி ஒரு சாயங்காலம் இரண்டு பேர் கதவைத் தட்டினார்கள். ஒரு கல்லூரிப் பெண், என் வயதை ஒத்த ஒரு அம்மா. பசுமைக் கட்சித் தொண்டர்கள். “எங்களுக்கு ஓட்டுப் போடுங்கள்” என்று அவர்கள் ஆரம்பிக்கவில்லை. “இந்தத் தெருவில் உங்களுக்கு எது தொந்தரவாக இருக்கிறது?” என்று கேட்டார்கள். மகள் சுவரைக் காட்டினாள். வாடகை ஏறிய கதையைச் சொன்னாள். எல்லாவற்றையும் செல்போனில் குறித்துக்கொண்டார்கள்.

அப்புறம்தான் பேசினார்கள். வாடகைக்குக் கட்டுப்பாடு வேண்டும். பழைய வீடுகளுக்குச் சுவரிலும் கூரையிலும் குளிர் தாங்கும் காப்பு போட அரசு பணம் ஒதுக்க வேண்டும். அப்படிச் செய்தால் கேஸ் பில் குறையும், சுவரில் ஈரம் தங்காது, காற்றில் கலக்கும் கரியும் குறையும். உலக வெப்பநிலை, பனிப்பாறை என்ற பேச்சே வரவில்லை. பேத்தியின் இருமலிலிருந்து தொடங்கி அவர்கள் போக வேண்டிய இடத்துக்கு நேராகப் போய்விட்டார்கள். ஒரு ஆசிரியையாக அதைப் பார்த்து எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நல்ல பாடம் மாணவனின் வீட்டு வாசலிலிருந்துதான் தொடங்கும்.

ஒரு தகவல், பலர் கேட்டிருந்தீர்கள். மகள் இன்னும் இந்தியக் குடியுரிமையில்தான் இருக்கிறாள். ஆனாலும் அவளுக்கு அங்கே ஓட்டு உண்டு. பிரிட்டனில் சட்டப்படி தங்கியிருக்கும், இந்தியா போன்ற காமன்வெல்த் நாட்டவர்கள் பேர் பதிந்துகொண்டு நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். உங்கள் பிள்ளைகள் அங்கே இருந்தால் சொல்லி வையுங்கள்.

*

“பசுமைக் கட்சிக்குப் போடற ஓட்டு வீண்தானே? ஓட்டைப் பிரிச்சு, வரக்கூடாதவன் வந்துட்டா?”
— தென்னை விவசாயி, பொள்ளாச்சி

நியாயமான பயம். யார் அதிக ஓட்டு வாங்குகிறாரோ அவரே ஜெயித்தவர் என்ற முறை நமக்கும் பிரிட்டனுக்கும் ஒன்றுதான். 2024இல் பசுமைக் கட்சி அங்கே 18 லட்சம் ஓட்டுக்கு மேல் வாங்கியது. 650 இடங்களில் கிடைத்தது நான்கு. ஜெர்மனியில் ஓட்டு சதவீதத்துக்கு ஏற்ற இடம் உண்டு என்பதால், 1980இல் தொடங்கிய பசுமைக் கட்சி 1983லேயே 5.6 சதவீத ஓட்டுடன் 27 இடங்களோடு நாடாளுமன்றத்துக்குள் போனது. நமக்கு அந்த வசதி இல்லை.

அதனால்தான் சிதறி நிற்கக் கூடாது என்கிறேன். 2010இல் பிரிட்டனின் முதல் பசுமை எம்.பி.யாக கரோலின் லூகாஸ் பிரைட்டனில் ஜெயித்ததும் ஒரே ஊரில் வேர் பிடித்துத்தான். நம் நாட்டில் நர்மதைக்காகப் போராடிய மேதா பட்கர் 2014இல் மும்பை வடகிழக்கில் நின்றார். அதே வருடம் கூடங்குளம் அணு உலையை எதிர்த்த சுப. உதயகுமாரன் கன்னியாகுமரியில் நின்றார். இருவரும் தோற்றார்கள். போராட்டக்காரராக அவர்களை மதித்தவர்கள்கூட ஓட்டுப் போடும்போது வேறு சின்னத்தைத் தேடினார்கள். போராட்டம் நடந்த காலத்தில் தெரிந்த முகம், குழாயில் தண்ணீர் வராத காலத்திலும் தெரிந்த முகமாக இருக்க வேண்டும். உங்கள் பயத்துக்கு வேட்பாளர் தரக்கூடிய ஒரே பதில் அதுதான்.

*

“டீச்சருங்க, நான் சாயப்பட்டறையில் இருபது வருசத்துக்கு மேல வேலை செய்யறவன். 2011ல கோர்ட் உத்தரவு வந்து பட்டறைகளை மூடினப்போ கரண்ட்டையும் பிடுங்கிட்டாங்க. சோத்துக்கு வழியில்லாம ஊருக்குப் போய்க் கல்லு உடைச்சேன். பசுமைன்னு சொல்லி ஓட்டுக் கேட்டு வர்றவங்க எங்க சோத்துல மண்ணைப் போடத்தானே வர்றாங்க?”
— சாயப்பட்டறைத் தொழிலாளி, திருப்பூர்

தம்பி, இந்த இதழுக்கு வந்ததில் முக்கியமான கடிதம் உங்களுடையது. உங்கள் கேள்விக்குப் பதில் இல்லாத எந்தப் பசுமை வேட்பாளரும் திருப்பூரில் ஓட்டுக் கேட்கக் கூடாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எனக்கு இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் உறவு உண்டு. பெரியம்மா குடும்பம் சென்னிமலைக்குத் தெற்கே, நொய்யலை ஒட்டித் தோட்டம் வைத்திருந்தது. ஒரத்துப்பாளையம் அணை 1992இல் திறக்கப்பட்டபோது அவர்கள் வீட்டில் பொங்கல் வைத்துக் கொண்டாடினார்கள். ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பாசனம் தர வேண்டிய அணை அது. சில வருடத்திலேயே அதில் நின்றது சாயத்தண்ணீர். தண்ணீர் திறந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டிய விவசாயிகள், தயவுசெய்து திறக்காதீர்கள் என்று கேட்ட கொடுமை நம் ஊரில்தான் நடந்தது. பெரியம்மா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தென்னை குரும்பை உதிர்த்தது. கடைசியில் மாடுகளைக் கண்ணபுரம் சந்தையில் விற்றார்கள். பெரியம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பெரியம்மாவின் இளைய மகனுக்கு வேலை எங்கே கிடைத்தது? திருப்பூர்ச் சாயப்பட்டறையில்தான். தோட்டத்தைக் கெடுத்த தண்ணீரை வெளியேற்றிய தொழிலே வீட்டுக்குச் சோறும் போட்டது. இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் பல வருடம் நீதிமன்றப் படியேறினார்கள். 2009இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்றும், கழிவு ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்றும் சொன்னது. அது நடக்காமல் போகவே, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள். அந்த உத்தரவு தவறு என்று நான் சொல்லமாட்டேன். அத்தனை வருடம் பொறுத்தவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் உத்தரவின் பாரம் யார் தலையில் இறங்கியது என்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. சுத்திகரிப்பு நிலையங்களைச் சரிசெய்ய அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. நல்லது, வேண்டியதுதான். நீங்கள் கல் உடைக்கப் போனீர்கள்.

பட்டறைக்குள் நடப்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே பெரியம்மாவின் அந்த இளைய மகன்தான். உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்ற வாசகர்களுக்காக எழுதுகிறேன். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு நிறைய வேண்டும். சாயம் துணியில் ஏறும். உப்பு அப்படியே தண்ணீரில் தங்கிவிடும். நிறத்தை எடுப்பது சுலபம், உப்பை எடுப்பதுதான் பாடு. பாக்டீரியாவை விட்டுச் சுத்தம் செய்தாலும் உப்பு போகாது. ஆர்.ஓ.வில் வடிகட்டி, மிச்சத்தை எவாப்பரேட்டரில் கொதிக்கவைத்து ஆவியாக்க வேண்டும். அது கரண்ட்டையும் விறகையும் குடிக்கும். உப்பைத் திரும்ப எடுத்துச் சாயத்துக்கே பயன்படுத்தலாம். ஆனாலும் கடைசியில் எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகத் தேங்கும். இத்தனை செலவையும் செய்கிற பட்டறையின் சாயக்கூலி ஏறும். மழை பெய்கிற ராத்திரியில் பள்ளத்தில் திறந்துவிடுகிறவனின் கூலி குறைவாகவே இருக்கும். குறைந்த கூலிக்காரனைத் தேடி ஆர்டர் போனால் ஒழுங்கானவன் நட்டப்படுவான். முதல் கடிதம் எழுதிய மெர்ச்சண்டைசர் அம்மணி இந்த வரியைத் தன் பையருக்கு இங்கிலீஷில் எழுதி அனுப்பினால் சந்தோஷப்படுவேன். சுத்தமான தண்ணீர் வேண்டும் என்று கேட்கிறவர், அதற்கான விலையைத் துணியிலும் தர வேண்டும்.

அப்படியென்றால் திருப்பூரில் நிற்கும் பசுமை வேட்பாளர் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என்ன சொல்ல வேண்டும்? பட்டறை மாசு காரணமாக மூடப்பட்டால், மூடிய நாட்களுக்குத் தொழிலாளிக்குச் சம்பளம் கிடைக்க வழி செய்வேன் என்று சொல்ல வேண்டும். திருட்டுத்தனமாகத் திறந்துவிடுகிறவர்களைப் பிடிப்பதில் பட்டறைத் தொழிலாளியின் சாட்சியத்துக்குப் பாதுகாப்பு கேட்பேன் என்று சொல்ல வேண்டும். ராத்திரி வால்வைத் திறக்கச் சொல்லி யார் உத்தரவிட்டார் என்பது உங்களுக்குத்தானே முதலில் தெரியும்? வெளியே சொன்னால் வேலை போகும் என்பதால்தானே யாரும் வாய் திறப்பதில்லை?

நடக்காத பேச்சு என்று நினைக்காதீர்கள். ஜெர்மனி 2020இல் நிலக்கரி மின்சாரத்தை 2038க்குள் நிறுத்தச் சட்டம் போட்டபோது, நிலக்கரிப் பகுதிகளுக்கு 40 பில்லியன் யூரோ வரை ஒதுக்க முடிவு செய்தது. முதிய தொழிலாளர்களுக்கு ஓய்வு வயது வரை உதவித்தொகையும் உண்டு. காற்றைக் காப்பாற்ற ஒரு தொழிலை நிறுத்தினால், அந்தத் தொழிலாளியின் அடுப்பும் எரிய வேண்டும் என்று சட்டத்திலேயே எழுத முடியும் என்பதற்காகச் சொல்கிறேன். இதைச் சொல்லாமல் மரக்கன்றை மட்டும் நீட்டுகிறவருக்கு நீங்கள் ஓட்டுப் போட வேண்டாம், தம்பி. நானும் போடமாட்டேன்.

*

“சுற்றுச்சூழல்னா காடு, மலை, யானைன்னுதானே? அதுக்கு நீலகிரியிலயோ வால்பாறையிலயோ நிக்கலாம். ஈரோடு மாதிரி டவுனுக்குள்ள பசுமைக் கட்சிக்கு என்ன வேலை?”
— குடும்பத் தலைவி, ஈரோடு

அக்கா, உங்கள் ஊருக்குள்ளேயே காலிங்கராயன் வாய்க்கால் ஓடுகிறதே. 13ஆம் நூற்றாண்டில் வெட்டியது, சுமார் 90 கிலோமீட்டர் நீளம், இன்றைக்கும் மஞ்சளும் நெல்லும் வாழையும் அதில்தான் விளைகின்றன. அது ஈரோடு நகரத்தை ஒட்டிப் போகும் இடத்தில் தோல், சாயக் கழிவு கலந்த நாட்களில் என்ன நிறத்தில் இருந்தது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். வயலில் விழுந்த அழுக்கு நகரத்தில் பிறந்தது. அதை நிறுத்துகிற ஓட்டும் நகரத்தில்தான் இருக்கிறது.

கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வரும் நொய்யலை, சித்திரைச் சாவடி தொடங்கி ஒவ்வொரு அணைக்கட்டாகத் தடுத்து, வாய்க்கால் வழியே குளங்களுக்குத் திருப்பிவிட்டார்கள் நம் முன்னோர்கள். கிருஷ்ணாம்பதி, செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி, வெள்ளலூர் என்று வரிசையாக வந்து, சிங்காநல்லூர்க் குளத்தையும் நிரப்பிவிட்டு ஆறு கிழக்கே போகும். நான் குடியிருப்பது சிங்காநல்லூரில். அந்தக் குளத்தில் பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் எத்தனை வகை என்று இளைஞர்கள் எண்ணி எழுதியதன் பலனாகத்தான் 2017இல் அதை நகர்ப்புற பல்லுயிர்ப் பகுதியாக மாநகராட்சி அறிவித்தது. திருப்பூரில் நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளின் ராம்சர் பட்டியலிலும் ஏறிவிட்டது. பனியன் கம்பெனிகள் சூழ்ந்த ஒரு நகரத்தின் ஓரத்தில் இருக்கும் குளம் அது.

எங்கள் பக்கம் காற்று திசை மாறினால் வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கின் வாடை வீட்டுக்குள் வரும். கோடையில் தீப்பிடித்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டும். கிடங்கை ஒட்டியே குடியிருக்கிறவர்களுக்குச் சாத்தவும் வழியில்லை. மக்குகிற குப்பையைத் தெருவிலேயே பிரித்து, வார்டிலேயே உரமாக்கினால் லாரியில் ஏறி வெள்ளலூர் போக வேண்டிய பாரம் பாதிக்கு மேல் குறையும். ஒரு கவுன்சிலர் மனது வைத்தால் தன் வார்டில் செய்யக்கூடியது. இதைவிடப் பசுமையான வேலை எந்தக் காட்டில் இருக்கிறது?

*

“ஃபிளெக்ஸ் பிரிண்டிங் கடை வெச்சிருக்கேன். தேர்தல்தான் எங்களுக்கு சீசன். உங்க பசுமை வேட்பாளர் ஃபிளெக்ஸ் வேண்டாம்பார். எங்க பொழப்பு?”
— பல்லடம்

வேண்டாம் என்றுதான் சொல்வார், சொல்லவும் வேண்டும். ஃபிளெக்ஸ் பி.வி.சி. பிளாஸ்டிக் பூசியது, தேர்தல் முடிந்ததும் மாட்டுக் கொட்டாய்க்கும் கோழிப் பண்ணைக்கும் போனது போக மீதியைத் தெருவில் கொளுத்துகிறார்கள். அந்தப் புகை விஷம். பிரச்சாரத்தில் பிளாஸ்டிக்கைத் தவிர்க்கும்படி தேர்தல் ஆணையமே கட்சிகளிடம் கேட்டுக்கொண்டு வருகிறது. பல்லடம் விசைத்தறி ஊர். காடாத் துணி உங்கள் கடைக்குப் பக்கத்திலேயே நெய்கிறார்கள். துணியில் அச்சடித்துத் தர முடியுமா என்று இந்தத் தேர்தலுக்கு முன்பே விசாரித்து வையுங்கள். முதலில் கேட்டு வருகிறவர் பசுமை வேட்பாளராக இருக்கட்டும், அவருக்கு விலையைப் பார்த்துப் போட்டுக் கொடுங்கள். பிரிஸ்டலில் நான் பார்த்தது வீட்டு ஜன்னலில் உள்பக்கமாக ஒட்டிய காகிதம்தான். அந்த வீட்டுக்காரரே விரும்பி ஒட்டியது என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

*

“எனக்கு 21 வயசு டீச்சர், கோவையில பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் முடிச்சிருக்கேன். நான் நின்னா என்ன? சுயேச்சையா நிக்க என்னென்ன வேணும்?”
— உக்கடம் பக்கத்திலிருந்து

கண்ணு, இந்தக் கேள்வியைப் படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வந்துதான் பதில் எழுத உட்கார்ந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

சட்டமன்றத்துக்கு 25 வயது நிரம்பியிருக்க வேண்டும். கவுன்சிலருக்கு 21 போதும். உனக்கு வார்டுதான் இப்போது வழி; அதுவே நல்ல வழியும்கூட. கோவை மாநகராட்சியில் 100 வார்டு. சட்டமன்றத் தேர்தலில் லட்சக்கணக்கான வாக்காளர்களைப் பார்க்க வேண்டும். வார்டில் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் நீயே தட்டிவிடலாம்.

பின்னால் சட்டமன்றத்துக்கு நிற்கும்போது தேவைப்படுவதையும் சொல்லிவிடுகிறேன். சுயேச்சை என்றால் அந்தத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாவற்றையும் எழுதிப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு அதில் பாதி. பதிவான செல்லுபடியாகும் ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் டெபாசிட் போய்விடும். பிரிட்டனில் 500 பவுண்டு கட்டி 5 சதவீதம் வாங்கினால் பணம் திரும்பிவிடும். சின்னக் கட்சிகளுக்கு அது பெரிய ஆறுதல்.

இந்த 10,000 ரூபாய்க்குப் பின்னால் நம் மண்ணின் கதை ஒன்று இருக்கிறது. 1996இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் வேட்பாளர்கள். எங்கள் கோரிக்கையை எந்தக் கட்சியும் காதில் வாங்கவில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாக வேட்பு மனு போட்டுவிட்டார்கள். அப்போது நான் ஈரோடு பக்கம் வேலை பார்த்தேன். தேர்தல் பணிக்கு எனக்கும் உத்தரவு வந்தது. ஓட்டுச் சீட்டு என்று கொடுத்தது ஒரு புத்தகம். அதைப் புரட்டிச் சின்னத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் வயதானவர்கள் திணறினார்கள். ஒரு பாட்டி, “என்ற மவன் பேரும் இதுல எங்கியோ இருக்குதாமா” என்று சொல்லிக்கொண்டே பக்கம் பக்கமாகத் தேடினார். பின்னால் நிற்பவர்கள் பொறுமையாக நின்றார்கள். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. ஜெயித்தது பெரிய கட்சிதான். அதற்குப் பிறகு அதே வருடம் சட்டமன்ற டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். 2009 திருத்தத்தில் 10,000 ஆனது.

மொடக்குறிச்சி விவசாயிகளின் வேதனை உண்மையானது. நாடே திரும்பிப் பார்த்தது. ஆனால் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ஆயிரம் பேர் ஒரு தேர்தலில் நிற்பதற்குப் பதில் அவர்களில் ஒருவர் நான்கு தேர்தலில் நின்றிருந்தால், மற்றவர்கள் அவருக்காகக் கதவைத் தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிரிஸ்டலில் அந்தத் தொண்டர்கள் படியிறங்கிப் போனதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது யோசித்தேன்.

ஆகவே தேர்தல் தேதிக்காகக் காத்திருக்காதே. உன் வார்டு வாக்காளர் பட்டியல் தேர்தல் துறை இணையத்தில் கிடைக்கும். தெரு வாரியாக அச்சடித்து வைத்துக்கொள். வார்டு கமிட்டி, பகுதி சபைக் கூட்டம் எப்போது என்று மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் கேள். 2022இல் விதிகள் வந்த பிறகு அது உன் உரிமை. போய் உட்கார், பேசுவதற்கு முன்னால் இரண்டு கூட்டம் கேள். பெரியகுளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் உன் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். எந்தெந்த இடத்தில் வீட்டுச் சாக்கடை அதில் கலக்கிறது, எந்த வீடுகளுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு இன்னும் வரவில்லை என்று தெருத் தெருவாக எழுதி ஒரு வரைபடம் போடு. இணைப்பு இல்லாத வீட்டுக்காரரைக் குற்றவாளியாக எழுதாதே. அவருக்கு இணைப்பு வாங்கித் தருவதுதான் உன் முதல் வேலை. வீட்டில் அம்மா அப்பாவிடமும் முன்கூட்டியே பேசிவிடு. ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பெண் தெருவில் நின்று பேசுவதற்கு வீட்டின் துணை தேவைப்படும். தோழிகள் இரண்டு பேரைக் கூடவே கூட்டிக்கொள்.

வரைபடம் தயாரானதும் இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்பு. முழுப் பக்கம் ஒதுக்கிப் போடும்படி ஆசிரியரிடம் நானே கேட்கிறேன்.